தாலாட்டு ஓடும் வேகம்

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், மேல் டிவிஷன்,
பிரிஞ்சாங்
9 மார்ச் 2024

திரு. ஷர்வின் அவர்களுக்கு,

நான் சிரில். கரேனின் அப்பா. உங்கள் கல்யாணத்துக்கு வராதவன். சமாதானம் பேச எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இது மெஷின் சம்பந்தமான கடிதம்.

போன வருஷம் நீங்கள் இருவரும் எங்களுக்குச் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்று கரேன் எனக்குப் போன் செய்தாள். "இனிமே உன்கூட போன்ல பேசமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். ஆனால் அவள் புருஷனுக்குக் கடிதம் எழுதமாட்டேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. என் மனைவி கத்தரீனும் இதை ஒப்புக்கொண்டாள். விலாசம் கொடுத்ததே அவள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. ஜப்பான் சாமான். பெல்ட்டில் ஓடுவது. மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். அதிலிருந்து மெல்லிய ரப்பர் பெல்ட் போய்த் தட்டைச் சுழற்றும். கொஞ்ச நாளாகப் பாட்டு இழுக்கிறது. மலைக்குளிரில் ரப்பர் விறைத்துவிட்டதோ என்று பல்ப் பக்கத்தில் வைத்துச் சூடுகாட்டினேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு பழையபடி மூச்சு வாங்குகிறது. ஈப்போவில் கேட்டால், "அங்கிள், இப்போ யாரு இதெல்லாம் வெச்சிருக்கா? போன்லயே பாட்டு கேக்கலாம்லா" என்று கடைக்காரன் எனக்குப் புத்தி சொல்கிறான். நீங்கள் கிள்ளானில் டர்ன்டேபிள் ரிப்பேர் செய்கிறீர்களாம். நல்ல பெல்ட் ஒன்று அனுப்பவும். பழைய பெல்ட்டைக் கழற்றி அளந்து, அதே நீளத்துக்கு நூல் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

கரேன் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சிரில்


கிள்ளான்
18 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அங்கிள்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையால் எழுதிய கடிதம் என் பெயருக்கு வந்தது இதுதான் முதல் தடவை, மற்றதெல்லாம் பில். கடையில் என் பங்காளி மகேன் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னடா, சம்மனா?" என்று கேட்டான். உங்கள் முதல் மூன்று வரியைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நூல் பத்திரமாக வந்தது. ஆனால் அந்த நீளத்தில் பெல்ட் அனுப்பவில்லை. பழைய பெல்ட்டை அளந்தால், இத்தனை வருஷத்தில் அது எவ்வளவு தொய்ந்துபோயிருக்கிறது என்பதுதான் தெரியும். புதிதாக இருந்தபோது என்ன அளவு என்று அது சொல்லாது. அதனால் இன்னும் சிறியதாக ஒன்று வைத்திருக்கிறேன். மாட்டும்போது இறுக்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம், ஓட ஓடப் பழகிவிடும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தொழில்காரன் வாய் சும்மா இருக்காது. டைரக்ட் டிரைவுக்கு மாறிவிடுங்கள். அதில் பெல்ட்டே கிடையாது. மோட்டாரின் அச்சுதான் தட்டின் அச்சு. பட்டனைத் தொட்டதும் முழு வேகம். குளிரோ வெயிலோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். கல்யாண வீடுகளில் பாட்டுப் போடும்போது ஓடுகிற தட்டை விரலால் பிடித்து நிறுத்துவேன். விட்ட உடனே பிடித்துக்கொண்டு ஓடும். பெல்ட் மெஷினில் அப்படிச் செய்தால் கோபித்துக்கொண்டு அரைச் சுற்று யோசிக்கும்.

மலைக்குளிர் எனக்கும் தெரியும், அங்கிள். என் அப்பா உங்கள் மலையில்தான், லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் போட்டவர். 2013-இல் வெள்ளத்தோடு சேறு வந்து வீட்டை மூடிய பிறகுதான் நாங்கள் கிள்ளானுக்கு இறங்கினோம்.

கரேனைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது என்பதையும், வாந்தி நின்றுவிட்டது என்பதையும், காலையில் டீ உள்ளே போகாவிட்டால் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பதையும் நான் எழுதவில்லை.

அன்புடன்,
ஷர்வின்


பிரிஞ்சாங்
1 ஏப்ரல் 2024

தம்பி ஷர்வின்,

அங்கிள் வேண்டாம். பஸ்காரன், காய்கறிக்காரன், ஸ்ட்ராபெரி வாங்க வருகிற டூரிஸ்ட் எல்லாருக்கும் நான் அங்கிள்தான். நீங்கள் 'ஐயா' என்று எழுதுங்கள், போதும்.

பெல்ட்டை மாட்டிவிட்டேன். இழுவை நின்றுவிட்டது. நூல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. தொய்ந்த பெல்ட்டை அளந்துகொண்டு வருகிற ஆளை டீ ஃபேக்டரியில் நானே ஏசியிருக்கிறேன். வீட்டுச் சாமான் என்று வந்தால் ஃபிட்டருக்கும் மூளை வேலை செய்வதில்லை. இதைக் கத்தரீனிடம் சொல்லவில்லை.

ஆனால் டைரக்ட் டிரைவ் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்துச் சிரித்தேன். மோட்டார் தலைமேலேயே தட்டை உட்காரவைத்தால், மோட்டாருக்கு வருகிற நடுக்கமெல்லாம் தட்டுக்கு வராதா? தட்டிலிருந்து ஊசிக்கு வராதா? பெல்ட் இருந்தால் அந்த நடுக்கம் ரப்பரிலேயே அடங்கிவிடும். நீங்கள் கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் சத்தத்தில் கேட்கிறவர். நான் மழை ஓய்ந்த பிறகு, ஒரு சத்தமும் இல்லாத வீட்டில் கேட்கிறவன்.

இன்னொன்று. போன மாதம் இலை உருட்டும் மெஷினுக்குள் யாரோ விட்ட கத்தரிக்கோல் போய்ச் சிக்கிக்கொண்டது. பெல்ட் கீச்சென்று கத்தி வழுக்கியது. அதனால் மெஷின் பிழைத்தது. மோட்டாரை நேராக மாட்டியிருந்தால் பல்சக்கரமெல்லாம் நொறுங்கியிருக்கும். இரண்டு பேருக்கு நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற சாமான் ஒன்று வேண்டும். இதைக் கத்தரீனிடம் சொன்னேன். "அப்போ நீங்க எந்த டிரைவ்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பக்கத்து வீட்டு டெரன்ஸிடம் மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர் சக்கரம் அழுத்திக்கொண்டு ஓட்டுவது. பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டுக்கு அடியில் லோரி மேடு ஏறுகிற மாதிரி ஓர் உறுமல். அதை வைத்துக்கொண்டு அவன் என் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்கிறான். அவனுக்குக் காது சரியில்லை.

நீங்கள் நம் மலைக்காரர் என்று கத்தரீன் எனக்குச் சொல்லவே இல்லை. சொன்னதாகவும் நான்தான் காதில் வாங்கவில்லை என்றும் அவள் சொல்கிறாள்.

பழைய பெல்ட்டை மாதிரிக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெட்டி பெரியது, பெல்ட் சிறியது. உள்ளே ஆடக்கூடாது என்று நான்கு பாக்கெட் டீத்தூள் வைத்து அடைத்திருக்கிறேன். அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

சிரில்


கிள்ளான்
12 ஏப்ரல் 2024

அன்புள்ள ஐயா,

பெல்ட் கொஞ்சமும் ஆடாமல் வந்து சேர்ந்தது. பெட்டியை நான் திறக்கவில்லை. அதற்குள் கரேன் வாசனை பிடித்துத் திறந்துவிட்டாள். அறையிலிருந்து வந்து, ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு அனுப்புனது?" என்றாள். "பெட்டி ஆடாம இருக்க வெச்சது" என்றேன். அன்று மட்டும் நான்கு தடவை டீ போட்டாள். டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பாக்கெட்டை இப்போது நான் மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்கும் திட்டு.

டெரன்ஸ் அங்கிளிடம் ஒன்று சொல்லுங்கள். ரப்பர் சக்கர மெஷினை நிறுத்தியதும் சக்கரத்தை விலக்கி வைக்க வேண்டும். அழுத்தியபடியே வைத்துவிட்டால் ரப்பரில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு எப்போது ஓட்டினாலும் சுற்றுக்குச் சுற்று டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். நடுக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் பாதி உண்மை. மலிவான டைரக்ட் மெஷின்களில் அது இருக்கத்தான் செய்கிறது. என்னுடையது மலிவு இல்லை.

இப்போது உங்கள் உதவி வேண்டும். என் வீட்டில் சண்டை.

கரேன் உங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த மாதா பாட்டு ரெக்கார்டு ஒன்று என் கைக்கு வந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்தது. இரண்டாவது பக்கத்தில் கடைசியாக ஒரு தாலாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று போட்டேன். நான்கு வரிகூட ஓடவில்லை. "நிறுத்துங்க. இது அந்தப் பாட்டு இல்ல" என்றாள். அதே பாட்டுத்தான் என்று உறையைக் காட்டினேன். "இவ்வளவு அவசரமா யாராச்சும் தாலாட்டு பாடுவாங்களா? உங்க மெஷின் ஸ்பீடு தப்பு. எங்கப்பா மெஷின்ல இப்படி இல்ல" என்றாள்.

ஐயா, என் தட்டின் ஓரத்தில் சிறு புள்ளிகள் இருக்கின்றன. வேகம் சரியாக இருந்தால் அந்தப் புள்ளிகள் நகராமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றன. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புள்ளி நின்னா போதுமா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அழுதாள். பாட்டுக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மெஷினின் அடியில், மோட்டார் பக்கம் ஒரு தகடு இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. என் அம்மா வசுமதி, மே 26 ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறார். எங்கள் வழக்கத்தில் வளையல் போட்ட பிறகு பெண்ணை அவள் வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். "பொண்ணு வீட்டுலேர்ந்து யாரு வர்றா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். கரேன் ஒவ்வொரு தடவையும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். வாருங்கள் என்று நான் எழுதவில்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஷர்வின்


பிரிஞ்சாங்
22 ஏப்ரல் 2024

தம்பி ஷர்வின்,

மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறது. இதற்குப் போய்க் கவலைப்படாதீர்கள். கரேனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஈப்போவில் ஜப்பான் பழைய சாமான் கடையில் எடுத்தது. நம் ஊர் 240-இல் நேராக மாட்டினால் கருகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? கம்பி சுற்றி டிரான்ஸ்ஃபார்மர் நானே செய்தேன். இன்றுவரை ஒரு நாள் சூடானதில்லை. என் மெஷின் சரி. உங்களுடையதுதான் வேகமாக ஓடுகிறது.

ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம்கூட எனக்கு அவசரமாகத்தான் கேட்கிறது. விளம்பரத்துக்கு நேரம் மிச்சம் பிடிக்க வேகமாகப் போடுகிறார்கள் என்று கரேனிடம் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாலாட்டைக் கேட்டுத்தான் அவள் பாடப் பழகினாள். ரெக்கார்டில் பாடுகிற அம்மாவின் குரல் அடிக்குரல். இவளும் அதே அடிக்குரலில் பாடுவாள். ஏழு வயதில் சர்ச் பூசையில் பாடவிட்டபோது பாட்டு டீச்சர் ஆச்சரியப்பட்டு, இவளைக் கொண்டுபோய்ப் பெரிய பெண்கள் வரிசையில் நிறுத்திவிட்டார். பெஞ்சு மேல் ஏறி நின்று பாடினாள். அவள் சாப்பிடாமல் படுத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை ரசம் வைத்துச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுங்கள். கோபத்திலும் அதைச் சாப்பிடுவாள்.

வளைகாப்பு பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

உங்கள் கல்யாணச் செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? கரேன் போன் செய்வதற்கு முன்பே தெரியும். பிரிஞ்சாங் பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், சோளம் வாங்கிக்கொண்டு நின்றேன். பூ வியாபாரம் செய்கிற நவமணி போனை நீட்டி, "அண்ணே, மக கல்யாணம் முடிஞ்சிருச்சு, ஒரு வார்த்தை சொல்லலையேலா" என்றாள். படத்தில் கரேன் மாலை போட்டுச் சிரிக்கிறாள். எனக்குத் தெரியும் என்பதுபோல நானும் சிரித்தேன். இந்தத் தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தலுக்கு சீரியல் லைட் கட்டுகிறவன் நான். டெரன்ஸ் மகளுக்குக் கட்டினேன், ஆபீஸ் கிராணி மகளுக்குக் கட்டினேன். என் பெண்ணுக்கு ஒரு பல்ப் மாட்ட எனக்கு வாய்க்கவில்லை. உங்களைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பொறுக்கவில்லை.

கத்தரீன் இந்த ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வளைகாப்புக்கு நான் வராமல் தானும் போக முடியாது என்பது அவள் கோபம். வீட்டில் இப்போது பேசுவது ரெக்கார்டு மட்டும்தான்.

சிரில்


கிள்ளான்
3 மே 2024

அன்புள்ள ஐயா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். லைட் கட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் காத்திருந்திருக்கலாம். உங்களுக்கு வலித்தது எனக்கும் வலிக்கிறது. அதோடு, இன்னொரு வலியையும் நானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஐயா, உங்கள் மெஷின் மெதுவாக ஓடுகிறது. வாங்கிய நாளிலிருந்தே மெதுவாகத்தான் ஓடுகிறது.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் குறையே இல்லை. அது வோல்ட்டை இறக்குகிறது. ஆனால் இந்த வகை மோட்டார் வோல்ட்டைப் பார்த்துச் சுற்றுவதில்லை. மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று பார்த்துத்தான் சுற்றும். நம் நாட்டில் ஐம்பது. உங்கள் மோட்டாருக்கு மாட்டியிருக்கிற புல்லி, பெல்ட்டை இழுக்கிற அந்தச் சின்னச் சக்கரம், அறுபதுக்குச் செய்தது. ஜப்பானிலேயே பாதி நாட்டில் ஐம்பது, பாதி நாட்டில் அறுபது. இந்த மெஷின் அறுபது பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அதனால் ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றுகிறது. பாட்டும் மெதுவாகிறது, குரலும் இறங்குகிறது. அந்தப் பாடகிக்கு அடிக்குரல் கிடையாது. டெரன்ஸ் அங்கிளின் காதில் ஒன்றும் கோளாறு இல்லை.

டைரக்ட் டிரைவ் பெருமையைப் பேச இது நல்ல இடம். என்னுடையது தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், எந்த நாட்டு மின்சாரமும் அதை ஏமாற்ற முடியாது. ஆனால் பேச மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று கரேனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு. அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் மெஷினின் பக்கவாட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி இருக்கிறது. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, ஒன்றும் சொல்லாமல் அதைக் கீழே எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கினேன். ஏறக்குறைய உங்கள் வேகம் வந்துவிட்டது. தாலாட்டைப் போட்டேன்.

முதல் வரியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கூடவே பாட ஆரம்பித்தாள், நீங்கள் எழுதினீர்களே, அந்த அடிக்குரலில். கை வயிற்றில் இருந்தது. கல்யாணமான இந்த ஒரு வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. வீட்டு வேலை செய்யும்போதுகூட முணுமுணுத்தது இல்லை. பாட்டு முடிந்ததும், "இதான்லா பாட்டு. மெஷினை ரிப்பேர் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஐயா, என் தட்டின் புள்ளிகள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஐம்பது ஹெர்ட்ஸ் புல்லி ஒன்று தேடிப் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு திருகைக் கழற்றினால் மாற்றிவிடலாம். மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று அம்மா மறுபடியும், யார் வருகிறார்கள் என்று கேட்டார். கரேன் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. "எங்கப்பா வருவாரு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷர்வின்


பிரிஞ்சாங்
13 மே 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. ஃபேக்டரியில் மோட்டார் மாற்றும்போதெல்லாம் முதலில் ஹெர்ட்ஸைத்தான் பார்ப்பேன். அந்தத் தகட்டையும் அன்றைக்கே பார்த்தேன். பெண் பாட்டுக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தாள், வோல்ட்டைச் சரிசெய்த சந்தோஷத்தில் மாட்டி ஓட்டிவிட்டேன். டெரன்ஸிடம் சொன்னேன். அவன் எழுந்து நின்று கைதட்டினான். இனி சாகிறவரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவான்.

நேற்று பூசை முடிந்து வந்து புல்லியை மாற்றினேன். தாலாட்டைப் போட்டேன். மாப்பிள்ளை, அந்தப் பாடகி சின்னப் பெண்! இருபது வயதுகூட இருக்காது போலிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் அவரை ஒரு வயதான அம்மா என்று நினைத்து மரியாதை கொடுத்து வந்திருக்கிறேன். கத்தரீன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருங்க இது பாடுறது? பஸ்ஸுக்கு நேரமாச்சா அவளுக்கு?" என்றாள். நான்கு வாரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

பிறகு அந்தப் புல்லியைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பியது ஷோகேஸில் இருக்கிறது. பிள்ளை பிறந்து தலை நின்ற பிறகு அதை மாட்டுவோம். பேரப்பிள்ளை சரியான வேகத்தில் கேட்டு வளரட்டும், பெரிய பெண்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பார்கள். ஆனால் கரேன் வந்து இந்த வீட்டில் கால் வைக்கும்போது பாட்டு அவளுக்குத் தெரிந்த வேகத்தில்தான் ஓட வேண்டும். அதை மாற்ற எனக்கு மனசு இல்லை.

25ஆம் தேதி காலையில் நானும் கத்தரீனும் என் சாகா காரில் புறப்படுகிறோம். திரும்பும்போது கரேனைத் தாப்பா ரோட்டில் கொண்டுவர மாட்டேன், வளைவு அதிகம். சுற்றாக இருந்தாலும் சிம்பாங் பூலாய் வழியாக, கம்போங் ராஜாவில் நிறுத்தி டீ குடித்துவிட்டு மெதுவாக ஏறுவோம். பிரசவத்துக்கு ஈப்போவில் டாக்டரைக் கத்தரீன் பார்த்துவைத்துவிட்டாள். எப்போது பார்த்தாள் என்று கேட்டதற்கு, ஏப்ரலில் என்றாள். நான் வருவேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சீரியல் லைட் நான்கு பெட்டி கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டு முன்வாசல், ஹால், பிளக் இருக்கிற இடம் எல்லாவற்றையும் வரைந்து உடனே அனுப்புங்கள். நீங்கள் ஒன்றையும் தொட்டு வைக்க வேண்டாம். நான் வந்து கட்டுவேன்.

கரேனிடம் போனில் பேசமாட்டேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். நேரில் பேச வருகிறேன்.

உங்கள் மாமா,
சிரில்


கிள்ளான்
3 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

போனிலேயே பேசலாமே என்று கரேன் சொல்கிறாள். மாமாவுக்கும் எனக்கும் நடுவில் மெஷின் விஷயமெல்லாம் எழுத்தில்தான் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் உள்ளே நுழைந்ததை நான் மறக்கமாட்டேன். அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார், கரேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நீங்கள் எல்லாரையும் தாண்டி நேராக என் மெஷினிடம் போய்க் குனிந்து பார்த்தீர்கள். "ம். நடுக்கம் இல்லதான்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் திரும்பினீர்கள். "பாட்டு வேகமா இருக்குன்னு சொன்னியாமே?" என்று நீங்கள் கேட்டதும் அவள் உங்கள் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். உங்கள் கையில் லைட் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குப் புல்லி விஷயத்தை நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. நேற்று போனில் என்னிடம், "அப்போ நான் அடிக்குரல் ஆல்ட்டோ இல்லையாலா?" என்று கேட்டுச் சிரித்தாள். நன்றாகத் தூங்குகிறாளாம். இரண்டு போர்வையாம். குளிரில் ரெக்கார்டு முதல் பாட்டுக்குக் கொஞ்சம் தயங்குகிறது, இரண்டாவதுக்குச் சரியாகிவிடுகிறது என்றாள். பெல்ட் அப்படித்தான். விட்டுவிடுங்கள்.

சீரியல் லைட்டை நான் கழற்றவில்லை. அம்மா கேட்டார், தீபாவளி வரைக்கும் இருக்கட்டும் என்றேன்.

அம்மாவும் ஊருக்குப் போயிருக்கிறார், வீட்டில் நான் மட்டும்தான். நேற்று வேலை முடிந்து வந்து, யாரும் இல்லையே என்று பிடியை நடுவில் கொண்டுவந்து வைத்து, சரியான வேகத்தில் அந்தத் தாலாட்டைப் போட்டேன். புள்ளிகள் அசையாமல் நின்றன. மெஷினில் ஒரு குறையும் இல்லை, மாமா. ஆனால் எனக்கும் வேகமாகத்தான் கேட்டது. பாதியிலேயே பிடியைக் கீழே இறக்கிவிட்டு, ரசம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்புடன்,
ஷர்வின்